கிணற்றின் நாட்காட்டியும் குழந்தையின் நாட்காட்டியும்: கணினி மாதிரியுரு அமைக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே நீரைக் காணும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும் நன்னீரைத்தான். வெங்காயத் தறைக்குப் போட்ட யூரியாவும் மலசலகூடக் கிடங்கிலிருந்து கசிவதும் அதே வெடிப்புகள் வழியாகவே இறங்குகின்றன. செம்பாட்டு மண் ஆழமில்லாத இடங்களில் அவற்றை வடிகட்ட இடையில் அதிகம் எதுவும் இல்லை. ஆகவே சுற்றாடலில் உள்ள ஒரு பொருள் வளரும் உடலில் என்ன செய்கிறது என்பதைக் கணினியில் ஆராய விரும்பும் நம்மூர் மாணவருக்கு முதற் பாடம் தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. அந்த உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கிணற்று நீருக்கு வரும் நைத்திரேற்றும் அந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையும் போதும்.

உயர்தரத்தில் இணைந்த கணிதமோ உயிரியலோ படித்து, விரிதாளில் சூத்திரம் எழுதத் தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பைதன் என்ற நிரல்மொழி தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதித் தூரம் வரலாம்.

சொல் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கிணற்றிலிருந்து போத்தலில் எடுத்துச் செல்லும் நீரையும் 'மாதிரி' என்கிறோம், கணிதத்தில் அமைப்பதையும் 'மாதிரி' என்கிறோம். ஆய்வுக் குறிப்பேட்டில் இவ்விரண்டும் கலந்தால் பின்னர் பிரித்தெடுப்பது கடினம். இந்தக் கட்டுரையில் 'மாதிரி' என்றால் நீர் மாதிரி. கணிதத்தில் அமைப்பது 'மாதிரியுரு'.

முதற் படி: கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதுதல்

'சூழல் மாசு குழந்தைகளைப் பாதிக்கிறதா?' என்பதை எந்த மாதிரியுருவாலும் விடுவிக்க முடியாது. எந்தப் பொருள், எந்த வழியாக, எந்த வயதில், உடலின் எந்த மாற்றம் என்ற நான்கும் கேள்வியில் இருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரில் கரைத்த பால்மாவைப் பிறந்தது முதல் ஆறு மாதம் வரை குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் மெதீமோகுளோபின் எத்தனை சதவீதம் வரை உயரக்கூடும்?

இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கொம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததை விவரித்து, அந்நீரின் நைத்திரேற்றே காரணம் என்று காட்டினார். நைத்திரேற்று குடலில் நுண்ணுயிர்களால் நைத்திரைற்றாக மாறுகிறது. நைத்திரைற்று ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றுகிறது. அப்படி மாறிய ஈமோகுளோபின், அதாவது மெதீமோகுளோபின், ஒட்சிசனைக் காவ முடியாது. அதன் அளவு இயல்பாக ஒரு சதவீதம் அளவில் இருக்கும். ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தாண்டும்போது தோல் நீலம் பாரிக்கத் தொடங்கும். நம் பிள்ளைகளின் நிறத்தில் அதைத் தோலில் காண்பது கடினம். உதடு, முரசு, நகக்கண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வயது ஏன் கேள்வியிலேயே இருக்க வேண்டும்? உடலின் விருத்தியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் திறந்து மூடுகிறது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட தலிடோமைட் மாத்திரை முளையத்தின் கைகால்களைக் குலைத்தது கருக்கட்டிய பின் ஏறத்தாழ 20 முதல் 36 நாள் வரையிலான இடைவெளியில்தான். அதே மாத்திரையை அந்த இடைவெளிக்குப் பின் முதன்முறை உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்த ஊனம் நேரவில்லை. மாதிரியுருவில் காலத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் வைத்தால், இந்தத் துறையின் உயிரையே விட்டுவிட்டதாகும்.

இரண்டாம் படி: அலகைச் சரிபார்த்தல்

நைத்திரேற்றை அளக்கும் ஆய்வுகூடங்கள் அதை இரண்டு விதமாக எழுதுகின்றன. ஒன்று, முழு நைத்திரேற்று அயனின் திணிவு. மற்றொன்று, அதிலுள்ள நைதரசனின் திணிவு மட்டும். நைத்திரேற்றின் மூலக்கூற்றுத் திணிவு 62, நைதரசனின் அணுத்திணிவு 14; ஆகவே முதலாவது எண் இரண்டாவதைப்போல 4.43 மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது முழு நைத்திரேற்றுக் கணக்கு; நைதரசனாகச் சொன்னால் அது 11.3. அமெரிக்கச் சட்ட எல்லையான 10 மில்லிகிராம் என்பது நைதரசன் கணக்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே எல்லையைத்தான் சொல்கின்றன.

நான் இந்த வேலையைப் பழகிய காலத்தில், ஓர் அறிக்கையில் 12 என்று இருந்த எண்ணைப் பார்த்து, எல்லையின் காற்பங்கே என்று எண்ணி அந்தக் கிணற்றைப் 'பிரச்சினையில்லை' என்ற நிரலில் போட்டேன். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் நைதரசன் என்று இருந்ததை ஒரு வாரம் கழித்தே கண்டேன். உண்மையான அளவு 53, அதாவது எல்லைக்கு மேல். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அன்றிலிருந்து எந்த எண்ணையும் அலகை எழுதாமல் விரிதாளில் இடுவதில்லை, நீங்களும் இடாதீர்கள். ஒவ்வொரு நிரலின் தலையிலும் 'முழு நைத்திரேற்று, மில்லிகிராம்/லீற்றர்' என்று முழுமையாக எழுதுங்கள்.

மூன்றாம் படி: உட்கொள்ளும் அளவு

முதலாவது சமன்பாடு மிக எளியது. நீரிலுள்ள செறிவை நாளொன்றுக்குக் குடிக்கும் அளவால் பெருக்கி உடல் எடையால் வகுத்தால், கிலோகிராமுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்பது கிடைக்கும். லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள பெரியவர் நாளொன்றுக்கு 2 லீற்றர் குடித்தால் கிலோவுக்கு 3.3 மில்லிகிராம். 5 கிலோ குழந்தை பால்மாவோடு 750 மில்லிலீற்றர் குடித்தால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரே வாளித் தண்ணீர், நாலரை மடங்கு வேறுபாடு. பெரியவருக்கு ஏற்கத்தக்க நாளாந்த அளவாகச் சர்வதேச நிபுணர் குழு வைத்திருப்பது கிலோவுக்கு 3.7 மில்லிகிராம், அந்த அளவு மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றும் அதே குழு சொல்கிறது. வெயிலில் நின்று தோட்டத்துக்கு இறைக்கும் ஒருவர் 4 லீற்றர் குடித்தால் அவருக்கும் இந்தக் கணக்கு 6.7 ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரியவர்களிடம் நைத்திரேற்றின் பெரும்பகுதி கீரை போன்ற மரக்கறிகளிலிருந்து வருவதால், அவர்களுக்கான மாதிரியுருவில் உணவையும் சேர்க்க வேண்டும். பால்மா குடிக்கும் குழந்தைக்கு நீரே ஏறத்தாழ முழு வழி. அதனாலேயே தொடங்குவதற்கு இது நல்ல இடம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தாய் நைத்திரேற்று மிகுந்த நீரைக் குடித்தாலும் பாலில் அதன் அளவு குறைவாகவே இருக்கும்.

நான்காம் படி: உடலுக்குள் நடப்பதைச் சமன்பாடாக்குதல்

இனித்தான் பொறுமை வேண்டும். உடலை ஒரு தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஈமோகுளோபின் மெதீமோகுளோபினாக மாறுகிறது. மறுபக்கத்தில் ஒரு நொதியம் அதை மீண்டும் ஈமோகுளோபினாக்குகிறது. மெதீமோகுளோபின் மாறும் வீதம் = உருவாகும் வீதம் − (மீட்பு மாறிலி × அப்போதுள்ள அளவு). இதுவே நமது வகையீட்டுச் சமன்பாடு.

வளர்ந்தவரிடம் அந்த நொதியம் மணிக்கு ஏறத்தாழ 15 சதவீத மெதீமோகுளோபினை மீட்கிறது. நைத்திரேற்று எதுவும் இல்லாவிட்டாலும், ஈமோகுளோபின் தானாகவே நாளொன்றுக்கு 0.5 முதல் 3 சதவீதம் வரை ஒட்சியேறுகிறது. மென்பொருள் எதையும் திறக்குமுன் இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். உருவாதல் நாளொன்றுக்கு 2 சதவீதம் என்று வைத்தால், மீட்பு மாறிலி நாளொன்றுக்கு 0.15 × 24 = 3.6. சமநிலையில் 2 ÷ 3.6 = 0.56 சதவீதம். மருத்துவ நூல்கள் சொல்லும் 'ஒரு சதவீதம் அளவு' என்பதோடு இது ஒத்துப்போகிறது. இரு வேறு அளவீடுகளிலிருந்து வந்த எண்கள் மூன்றாவது அளவீட்டோடு பொருந்தும் இந்தத் தருணத்தை விரைந்து கடந்துவிடாதீர்கள். மாதிரியுருவின் எலும்புக்கூடு சரியாக இருக்கிறது என்பதற்கான முதல் அடையாளம் அதுதான்.

அடுத்ததாக வயதைச் சேர்க்க வேண்டும். பிறந்த குழந்தையிடம் அந்த நொதியத்தின் செயற்பாடு வளர்ந்தவரில் ஏறத்தாழ பாதி. முதற் சில மாதங்களில் அது படிப்படியாக ஏறுகிறது. தொடக்கத்துக்கு, பிறப்பில் 0.5, ஆறாம் மாதத்தில் 1, இடையில் நேர்கோடு என்று எழுதுங்கள். பின்னர் அதை வளைகோடாக்கலாம். இதோடு வேறு மூன்றும் நிகழ்கின்றன: இளம் குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு என்பதால் நைத்திரேற்றை மாற்றும் நுண்ணுயிர்கள் மேலே வரை பெருக இடமுண்டு, முதிர்மூலவுருக் காலத்து, அதாவது கருப்பையில் இருந்தபோது உருவான, ஈமோகுளோபின் எளிதில் ஒட்சியேறும், இரண்டு மூன்று மாத வயதில் குழந்தையின் ஈமோகுளோபின் அளவு இயல்பாகவே தாழ்கிறது, ஆகவே அதே அளவு நைத்திரைற்று கூடிய சதவீதத்தைக் கெடுக்கும்.

இப்போது விரிதாளில் ஒரு நாளை ஓட்டிப் பார்ப்போம். குழந்தை மூன்று மணிக்கு ஒரு முறை பால் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் 1 சதவீத மெதீமோகுளோபின் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்தவரின் நொதிய வேகத்தில் மூன்று மணி கழித்து அதில் 64 சதவீதம் எஞ்சும். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் வேகத்தில் 80 சதவீதம் எஞ்சும். முதற் கலத்தில் 1.00 என்று இடுங்கள். அடுத்த கலத்தில் முந்திய எண்ணை 0.8 ஆல் பெருக்கி 1ஐக் கூட்டுங்கள்: 1.80. அதற்கடுத்தது 2.44. பிறகு 2.95, 3.36 என்று ஏறி எட்டாவது பாலில் 4.16 ஆகும், சில நாள் தொடர்ந்தால் 5 சதவீதத்தில் நிற்கும். 0.64 ஐ இட்டுச் செய்தால் 2.8க்கு மேல் போகாது. மூன்று மாதக் குழந்தைக்கு, நேர்கோட்டின்படி நொதியம் 0.75 என்பதால், அது 3.5இல் நிற்கும். ஒரே பால், ஒரே கிணறு; வயது மட்டும் மாறுகிறது. இந்த மூன்று நிரல்களையும் கையால் இழுத்து நிரப்பிப் பார்த்த மாணவர், பிறகு பைதனில் சமன்பாட்டுத் தீர்ப்பானை அழைக்கும்போது அது என்ன செய்கிறது என்பதை அறிந்தே அழைப்பார்.

அந்த '1 சதவீதம்' உண்மையில் எவ்வளவு? அதையும் கணிக்கலாம். 5 கிலோ எடையுள்ள மூன்று மாதக் குழந்தையின் இரத்தம் கிலோவுக்கு 80 மில்லிலீற்றர் வீதம் 400 மில்லிலீற்றர். லீற்றருக்கு 110 கிராம் ஈமோகுளோபின் என்றால் மொத்தம் 44 கிராம். ஈமோகுளோபினின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 64,500, ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு. ஆக ஏறத்தாழ 2.7 மில்லிமூல் இரும்பு. நமது கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு உள்ளே போவது 75 மில்லிகிராம், அதாவது 1.2 மில்லிமூல் நைத்திரேற்று. அதில் பத்தில் ஒரு பங்கு நைத்திரைற்றாகி, ஒவ்வொன்றும் ஓர் இரும்பை ஒட்சியேற்றினால், நாளொன்றுக்கு 4.4 சதவீதம், எட்டுப் பாலுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.55. இதை மூன்று மாதக் குழந்தைக்கு மேலே கண்ட 3.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2 சதவீதம். ஆபத்தில்லை. ஆனால் பாதி நைத்திரேற்று மாறினால் அதே கணக்கு 10 சதவீதத்தை எட்டுகிறது. அங்கேதான் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கும். இது மேலெல்லைக் கணிப்பு. இடையில் நைத்திரைற்று வேறு வழிகளிலும் செலவாகும், அளவு 20 சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சிய ஈமோகுளோபின் குறைவதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். எனினும் எதைத் தேட வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிட்டது. கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நிகராக, குழந்தையின் குடலில் எவ்வளவு மாறுகிறது என்பதும் விடையை ஆளுகிறது.

ஐந்தாம் படி: ஒரு குழந்தையிலிருந்து ஓர் ஊருக்கு

ஒரு கிணறு, ஒரு குழந்தை என்று நின்றால் அது உதாரணம் மட்டுமே. ஊரிலுள்ள கிணறுகளும் குழந்தைகளும் வேறுபடுவதால், ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலாக ஒரு பரம்பலை வைத்து, அதிலிருந்து எழுமாற்றாக எடுத்து, சமன்பாட்டைப் பத்தாயிரம் முறை ஓட்ட வேண்டும். இதற்கு மொன்டே கார்லோ முறை என்று பெயர். நீரிலுள்ள செறிவு பெரும்பாலும் செவ்வன் பரம்பலாக அமையாது. பல கிணறுகளில் தாழ்ந்தும் சிலவற்றில் மிக உயர்ந்தும் இருக்கும். ஆகவே மடக்கை எடுத்த பின் செவ்வனாக வருகிறதா என்று பாருங்கள். இடையோடு நின்றுவிடாமல் இடையத்தையும் மேல் ஐந்து சதவீதத்தையும் சொல்லுங்கள். நாம் கவலைப்படும் குழந்தை அந்த மேல் ஐந்து சதவீதத்தில்தான் இருக்கிறது. எழுமாற்று எண்களின் தொடக்க விதையை, அதாவது அந்த வரிசையைத் தொடக்கிவைக்கும் எண்ணை, குறித்துவைத்தால் நாளை இன்னொருவர் அதே விடையைப் பெறலாம்.

புதியவர்கள் இங்கே விடும் பெரும் பிழை, ஒன்றோடொன்று சேர்ந்து அசையும் எண்களைத் தனித்தனியாக எழுமாற்றாக எடுப்பது. எடையைத் தனியாகவும் குடிக்கும் அளவைத் தனியாகவும் எடுத்தால், 3 கிலோ குழந்தை ஒரு லீற்றர் பால் குடிப்பதாகக் கணினி சொல்லும். அது தடுத்து நிறுத்தாது. கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் அளவில் என்று ஒரே பரம்பலாக எடுத்தால் அந்த அபத்தம் நீங்கும். எடைக்கு, குடும்பநல உத்தியோகத்தர் குறித்துவரும் வளர்ச்சி வளைகோடுகளை விடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

இதனிலும் நுட்பமான இணைப்பு ஒன்று உண்டு. கிணற்றுக்கு அருகிலுள்ள மலசலகூடக் கிடங்கு நைத்திரேற்றை மட்டும் தருவதில்லை, கிருமியையும் தருகிறது. கிருமியால் வயிற்றோட்டம் கண்ட குழந்தையின் குடலில் நைத்திரைற்று கூடுதலாக உருவாகிறது. அழற்சியால் உடலே அதை உண்டாக்கவும் செய்யும். ஆக, எந்தக் கிணற்றில் செறிவு கூடுதலோ அங்கேயே மாறும் பங்கும் கூடுதலாக இருக்கும் வாய்ப்புண்டு. இவ்விரண்டையும் சுயாதீனமானவை என்று வைத்த மாதிரியுரு, மிக மோசமான நிலையைக் குறைத்துக் காட்டும். யூரியாவால் மட்டும் கெட்ட தோட்டக் கிணற்றையும் கிடங்கால் கெட்ட வளவுக் கிணற்றையும் தனித்தனிக் குழுக்களாக வையுங்கள்.

ஆறாம் படி: இரண்டு நாட்காட்டிகளைப் பொருத்துதல்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான படி இதுவே. கிணற்றுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை, வறண்ட நிலத்தில் சேர்ந்திருப்பதைக் கழுவிக் கீழிறக்கும். பிறகு புதுநீர் சேர்ந்து செறிவு தணியலாம். தோட்டச் செய்கையின் உரம் போடும் வாரங்களும் இறைப்பும் அதன்மேல் இன்னோர் அலையைச் சேர்க்கும். அந்த அலை ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே மாதிரி இராது. உரும்பிராயில் தோட்டத்து நடுவிலுள்ள கிணறும் ஊர்மனைக் கிணறும் வேறு வேறு. குழந்தைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு: நொதியம் பாதியாக இருக்கும் முதற் மாதங்கள், ஈமோகுளோபின் தாழும் இரண்டாம் மூன்றாம் மாதங்கள், வேறு உணவு தொடங்கும் ஆறாம் மாதம். புரட்டாசியில் பிறந்த குழந்தை தன் பலவீனமான மாதங்களை மாரியில் கழிக்கிறது. மாசியில் பிறந்தது அவற்றைக் கோடையில் கழிக்கிறது. ஆண்டுச் சராசரிச் செறிவை இட்ட மாதிரியுருவுக்கு இவ்விருவரும் ஒரே குழந்தை.

ஆகவே சமன்பாட்டில் செறிவை நாட்காட்டித் தேதியின் சார்பாகவும், நொதியத்தையும் எடையையும் வயதின் சார்பாகவும் எழுதி, பிறந்த தேதியை இரண்டையும் இணைக்கும் மாறியாக வையுங்கள். பன்னிரண்டு பிறந்த மாதங்களுக்கும் தனித்தனியாக ஓட்டி, எந்த மாதத்துக் குழந்தையின் உச்சம் அதிகம் என்று வரைந்து பாருங்கள். இதற்கு ஒரே கிணற்றில் ஒரு முறை எடுத்த மாதிரி போதாது. மழைக்கு முன், முதல் மழைக்குப் பின், தையில், கோடையில் என்று நான்கு தடவையாவது வேண்டும். பழைய தரவுகளைச் சேர்க்கும்போது 2021ஐத் தனியே குறியுங்கள். இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட அந்த ஆண்டில் உரப் பயன்பாடு வழமையாக இருக்கவில்லை. அதை மற்ற ஆண்டுகளோடு கலந்து சராசரி எடுக்கக் கூடாது.

ஏழாம் படி: சரிபார்த்தல்

முதலில் எண்முறைச் சோதனை: கால இடைவெளியைப் பாதியாக்கி ஓட்டினால் விடை மாறக் கூடாது. நைத்திரேற்றைச் சுழியமாக்கினால் முன்னர் கண்ட இயல்பான அளவே வர வேண்டும்.

அடுத்தது வெளியுலகோடு ஒப்பீடு. 1951இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், நைதரசனாக லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைந்த நீரால் நேர்ந்த நோய் எதுவும் பதிவாகவில்லை. இன்றைய எல்லைகளின் வேர் அதுவே. நமது மாதிரியுருவில் ஏறத்தாழ அதற்கு நிகரான 45 மில்லிகிராம் நைத்திரேற்றை இட்டால், பத்தில் ஒரு பங்கு மாறும்போது 1 சதவீதத்துக்குள்ளும், பாதி மாறும்போது நாலரைக்குள்ளும் நிற்கிறது. பொருந்துகிறது. ஆனால் அந்தப் பழைய அளவீடுகள் பலவும் குழந்தை நோயுற்ற பிறகு எடுத்தவை. குடித்த நாளின் நீர் அதுவாக இருந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பொருத்தத்தை ஆதாரமாகக் கொள்ளலாம், நிரூபணமாகக் கொள்ளக் கூடாது.

பிறகு ஒவ்வொரு எண்ணையும் பத்துப் பத்து சதவீதமாக அசைத்து, விடை எதற்கு அதிகம் அசைகிறது என்று பாருங்கள். நான் மேலே தந்த எண்களோடு செய்தால் எடையும் இரத்த அளவும் சிறிதளவே அசைக்கும். குடலில் மாறும் பங்கும் அதே விகிதத்தில்தான் விடையை அசைக்கிறது. ஆனால் அதைப் பற்றிய நமது அறியாமை பத்து சதவீதம் அன்று, பல மடங்கு. அடுத்த களவேலையை எங்கே வைக்க வேண்டும் என்பதை மாதிரியுரு இப்படித்தான் சொல்லும்: வீடுகளில் நைத்திரேற்றை அளக்கப் போகும்போது அதனோடு மலக்கிருமிச் சோதனைக்கும் தனியாக ஒரு மாதிரி எடுங்கள், குழந்தைக்கு வயிற்றோட்டம் இருந்த நாட்களைக் கேட்டெழுதுங்கள்.

குழந்தைகளின் தகவல்களைத் தொடுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் தெரிவிக்க வேண்டும். கிணற்றின் சரியான இடத்தை வரைபடத்தில் இட்டு வெளியிடாதீர்கள். ஒரு வளவின் கிணறு கெட்டது என்ற பேச்சு அந்த வீட்டாரை நெடுநாள் தொடரும்.

எட்டாம் படி: அடுத்த கருவிகள்

இந்தத் தொட்டி மாதிரியுரு கைவந்தபின் மேலே போகலாம். ஈயம் பற்றி ஆராய விரும்பினால், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இரத்த ஈயத்தைக் கணிக்க அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மாதிரியுருவைப் படியுங்கள். மண், தூசி, நீர், உணவு ஆகிய வழிகளை அது எப்படிக் கூட்டுகிறது என்பது நல்ல பாடம். ஈரல், சிறுநீரகம் என்று உறுப்புகளைத் தனித்தனித் தொட்டிகளாக்க பிகே-சிம் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. முளையத்தில் கலங்கள் நகர்ந்து, ஒட்டி, இழையமாவதையே உருவகப்படுத்த கொம்பியூசெல்3டி உதவும். வேதிப்பொருள்களின் பரவலிலிருந்து வடிவம் தோன்றக்கூடும் என்று அலன் டியூரிங் 1952இல் எழுதிய சிந்தனை அந்தத் துறையின் ஊற்றுகளில் ஒன்று. இவை எல்லாவற்றையும் சாதாரண மடிக்கணினியில் தொடங்கலாம்.

கடைசிப் படி: வீட்டாரிடம் சொல்லுதல்

முடிவைக் கிணற்றுக்காரரிடம் சொல்லாமல் வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை. சொல்லும்போது சதவீதமும் பரம்பலும் வேண்டாம். எண், எல்லை, செய்ய வேண்டியது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

'நாங்கள் பிள்ளைக்குக் கொதித்தாறின தண்ணிதான் குடுக்கிறனாங்கள்' என்று தாய்மார் சொல்வார்கள். அது கிருமிக்கு நல்ல காவல். ஆனால் நைத்திரேற்று ஆவியாவதில்லை. ஒரு லீற்றர் நீர் கொதித்து 900 மில்லிலீற்றராக வற்றினால் 100 மில்லிகிராம் செறிவு 111 ஆகிறது. இதை அடுப்படியில் ஒரு கேத்தலைக் காட்டிச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். அவர்களது பழக்கத்தைக் குறைகூறும் தொனி மட்டும் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் தாயிடம், ஆறு மாதம் வரை அதையே தொடரும்படி குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதற்கு இந்தக் கிணறும் ஒரு காரணம் என்று சொல்லுங்கள். பால்மாதான் வழி என்றால், சோதித்துக் குறைவென்று கண்ட வேறொரு நீரைப் பிள்ளையின் பாலுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லீற்றர்கூடத் தேவைப்படாது. உதடோ நகக்கண்ணோ நீலமாகத் தெரிந்தால் எந்தக் கணக்குக்கும் காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும், பிள்ளை குடிக்கும் நீர் எந்தக் கிணற்றுடையது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் தாளின் மேலேயே எழுதுங்கள். அடியில், மாதிரி எடுத்த தேதியையும் மறுபடி எடுக்க வரும் மாதத்தையும் குறியுங்கள். புரட்டாசிக் கடைசியில் எடுத்திருந்தால், அந்த மாதம் கார்த்திகை.